வேனுக்கு ஃபோர் வீல் டிரைவ்: முதலில் அளவு, அப்புறம் ஸ்பேனர்

வேன் சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சர்ரென்று சுற்றும், இன்னொன்று அசையாமல் நிற்கும், முன்சக்கரங்கள் இரண்டும் வேடிக்கை பார்க்கும். அந்த முன்சக்கரங்களுக்கும் வேலை கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. பின்சக்கர இழுவையுள்ள ஃபோர்டு ஈகோனோலைன் இ350 வேன் ஒன்றை வீட்டு ஷெட்டிலேயே ஃபோர் வீல் டிரைவாக மாற்றினேன். இதை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிரேக் மாற்றியிருப்பீர்கள், கிளட்ச்சோ கியர்பாக்ஸோ ஒருமுறை இறக்கி ஏற்றியிருப்பீர்கள், ஆனால் சேஸியில் கை வைத்ததில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் பார்த்தவரை, பாதியில் நின்றுபோன வேன்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் நின்றவை. அளவெடுக்காமல் பிரித்துவிட்டார்கள். ஓடுகிற நிலையில் உள்ள வேன்தான் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம். அதைப் பிரித்த பிறகு முன் ஆக்ஸில் எங்கே நின்றது, ஸ்டியரிங் ராடு எந்தச் சாய்வில் போனது என்று யாரைக் கேட்பீர்கள்? அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அளவைப் பற்றியே இருக்கும்.

வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஃபோர் வீல் டிரைவ் இல்லாமலே நிறைய தூரம் போகலாம். நல்ல பிடிப்புள்ள டயர், மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம், பின் டிஃபரென்ஷியலில் (எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பெட்டி) ஒரு லாக்கர், கூட ஒரு வின்ச் (கம்பிவடத்தால் வண்டியை இழுக்கும் கருவி). இவை இருந்தாலே வழுக்கல் பாதையில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒன்று வழுக்கினால் அது தாங்கும் சிறிய விசையே மற்றதற்கும் கிடைக்கும், அதனால்தான் வேன் நகர்வதில்லை. லாக்கர் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. முன்னும் பின்னும் சாதாரண டிஃபரென்ஷியலோடு ஃபோர் வீல் டிரைவ் போட்டாலும் குறுக்காக ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் தூக்கிக்கொள்ளும் பள்ளத்தில் வண்டி நின்றுதான் போகும். லாக்கர் போட்ட வேனில் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியும் போதவில்லை என்றால் இறங்குங்கள்.

இன்னொரு கேள்வி, உங்கள் வேன் வகையிலேயே கம்பெனி தயாரித்த ஃபோர் வீல் டிரைவ் இருந்ததா என்பது. டொயோட்டா ஹையேஸ், மிட்சுபிஷி டெலிகா ஆகியவற்றில் இருந்தது. டெலிகாவில் 1982லேயே வந்துவிட்டது. ஷெவர்லே எக்ஸ்பிரஸ் வேனில் 2003 முதல் 2014 வரை ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் எப்போதும் சக்தி போகும் வகை) கிடைத்தது, ஆனால் அதில் லோ கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கியர்) கிடையாது. அப்படி ஒரு மாடல் இருந்தால் அதன் பாகங்கள் பெரும்பாலும் போல்ட் போட்டாலே உட்காரும். பத்து நாள் யோசிக்க வேண்டியதை யாரோ ஒரு இன்ஜினியர் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்.

எந்த வேன் சரிப்படும்

எஞ்சின் நீளவாக்கில் நின்று, பின்னால் கியர்பாக்ஸ், அதன்பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் முழு ஆக்ஸில் என்று இருக்க வேண்டும். அடியில் ஏணி மாதிரி தனிச் சேஸி இருந்தால் ரொம்ப நல்லது. ஈகோனோலைன் வேன்கள் இந்த வேலைக்குப் பேர்போனவை ஆனதற்குக் காரணமே இதுதான்: தனிச் சேஸி, நீளவாக்கு எஞ்சின், அதே கம்பெனியின் டிரக்குகளிலிருந்து ஆக்ஸிலும் டிரான்ஸ்பர் கேஸும் (சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) எடுத்துக்கொள்ளும் வசதி.

முன்சக்கர இழுவை வேன் என்றால் வீட்டில் முயலாதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் சக்தி எடுக்கத் தனிப் பெட்டி வேண்டும், ஷாஃப்ட் போக வழி வேண்டும், பெட்ரோல் டாங்க்கை நகர்த்த வேண்டும், டிஃபரென்ஷியலோடு புதிய பின் ஆக்ஸிலும் வேண்டும். பாடியே சேஸியாக இருக்கும் வேனிலும் கவனம். அதில் ஸ்பிரிங் தாங்கிகளை வெறும் தகட்டில் வெல்டிங் செய்தால் சில மாதங்களில் தகடு கிழிந்துவிடும். கீழே தனியாக ஒரு உபசட்டம் கட்டித்தான் ஆக வேண்டும்.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சேஸி, ஸ்டியரிங், பிரேக் மூன்றிலும் கை வைக்கிறோம். பல நாடுகளில் இதற்கு முன் அனுமதியோ பொறியாளர் சான்றோ தேவை. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். எல்லாம் முடித்துவிட்டுக் கேட்டால், வெல்டிங்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சக்தி எப்படிப் போகிறது

எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ். அதன் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ். அங்கே வழி இரண்டாகப் பிரிந்து ஒரு ஷாஃப்ட் பின்னாலும் ஒன்று முன்னாலும் போகிறது. முன் ஆக்ஸிலுக்குள் டிஃபரென்ஷியல், இரண்டு பக்கமும் அரை ஷாஃப்ட், நுனியில் திரும்பக்கூடிய நக்கிள், அதில் ஹப். நீங்கள் புதிதாகச் சேர்ப்பது டிரான்ஸ்பர் கேஸ், முன் ஷாஃப்ட், முன் ஆக்ஸில் மூன்றும்தான். மற்றதெல்லாம் அந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கிற வேலை. ஆனால் நாள் முழுக்கப் போவது இடம் கொடுக்கிற வேலையில்தான்.

வீட்டில் செய்யும்போது பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களையும் இணைக்கும்) டிரான்ஸ்பர் கேஸையே தேர்ந்தெடுங்கள், அதுவும் கையால் லீவர் போடும் வகையாக. மோட்டாரால் மாறும் வகைக்குத் தனி மாட்யூல், சென்சார், ஒயரிங் எல்லாம் வேண்டும். லீவர் வகையில் ஒரு கம்பியும் இரண்டு புஷ்ஷும் போதும். ஃபோர்டு சூப்பர் டியூட்டி டிரக்குகளில் வந்த என்வி271 அப்படிப்பட்டது, லோ விகிதம் 2.72. பழைய என்பி205 வார்ப்பிரும்புப் பெட்டி, கியர் டு கியர், லோ விகிதம் 1.96 மட்டுமே, ஆனால் அசைக்க முடியாத உறுதி. எடை 60 கிலோவைத் தாண்டும். நெஞ்சில் வைத்துத் தூக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

பாகம் வாங்கும்போது பார்க்க வேண்டிய பொருத்தங்கள்

தனித்தனியாக வாங்குவதைவிட அடிபட்ட ஒரு ஃபோர் வீல் டிரைவ் டிரக்கை முழுசாக வாங்குவது மேல். ஆக்ஸில், டிரான்ஸ்பர் கேஸ், ஷாஃப்ட், லீவர், பிரேக் ஓஸ், சின்னச் சின்ன போல்ட் வரை எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரும். ‘இது எப்படி இருந்தது’ என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி போல்ட் வேனில் ஏறும்வரை அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

முதல் பொருத்தம், பக்கம். டிரான்ஸ்பர் கேஸின் முன் வெளியீடு இடப்பக்கம் இருந்தால் முன் ஆக்ஸிலின் டிஃபரென்ஷியலும் இடப்பக்கம் இருக்க வேண்டும். இது மாறினால் ஷாஃப்ட் எஞ்சினின் ஆயில் பேன் குறுக்கே போகும். அதற்கு மாற்றுவழியே இல்லை.

இரண்டாவது, கிரவுன் பினியன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது (பினியன் என்பது ஷாஃப்ட் வந்து சேரும் சின்னப் பல்சக்கரம்). பார்ட் டைம் பெட்டி முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பின்னால் 4.10, முன்னால் 3.73 என்று இருந்தால் சக்கரங்களின் வேகம் 10 சதவீதம் வேறுபடும். ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் ஏதோ ஒரு ஜோடி டயர் 100 மீட்டர் தூரத்துக்கு இழுபட்டாக வேண்டும். டயர் இழுபடாத காய்ந்த தரையில் அந்த விசை முழுக்க ஷாஃப்டிலும் கியரிலும் ஏறி எதையாவது உடைக்கும். 3.54க்கும் 3.55க்கும் உள்ள வித்தியாசம் பரவாயில்லை, கம்பெனியே அப்படி ஜோடி சேர்த்திருக்கிறது.

ஆக்ஸிலில் தொங்கும் தகட்டை நம்பாதீர்கள். முன் சொந்தக்காரர் உள்ளே மாற்றியிருக்கலாம். ஒரு சக்கரத்தைத் தரையில் வைத்து மற்றதைத் தூக்குங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, டயரில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். 4 சுற்றும் கூடக் கொஞ்சமும் என்றால் 4.10. டிஃபரென்ஷியல் சாதாரண வகையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். லாக்கர் போட்டிருந்தால் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரே ஒரு சுற்று சுற்றினால் போதும்.

மூன்றாவது, சக்கர போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகள் உட்காரும் வட்டத்தின் விட்டம். இங்கேதான் நான் ஏமாந்தேன். என் வேனில் 8 போல்ட், வாங்கிய ஆக்ஸிலிலும் 8 போல்ட். கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தது. சக்கரத்தைத் தூக்கி மாட்டப் போனால் இரண்டு ஸ்டட் நுழைகிறது, மற்றவை துளையின் ஓரத்தில் இடிக்கின்றன. வேனின் வட்டம் 165.1 மி.மீ., 1999க்குப் பின் வந்த சூப்பர் டியூட்டி ஆக்ஸிலின் வட்டம் 170 மி.மீ. ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம். கடைசியில் அதே டிரக்கின் பின் ஆக்ஸிலையும் வேனுக்குப் போட்டேன். விகிதப் பொருத்தமும் அதோடு தானாக வந்தது. உண்மையில் முதலிலேயே அப்படித்தான் திட்டமிட்டிருக்க வேண்டும். ஸ்டெப்னி ஒன்றே நாலு பக்கமும் பொருந்த வேண்டும் அல்லவா.

நாலாவது, அகலம். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் சில செ.மீ. வேறுபட்டால் ஓட்டலாம், ஆனால் மணலில் பின்சக்கரம் தனித்தடம் வெட்டிக்கொண்டு போகும்.

பிரிப்பதற்கு முன் ஒரு முழு நாள்

சமமான கான்கிரீட் தரையில் வேனை நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றும் சுமை எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும், தண்ணீர் டாங்க் உட்பட. எடை மேடையில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் தனித்தனியாக எடை பார்த்து வாருங்கள். ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க இந்த இரண்டு எண்ணும்தான் வேண்டும். டிரக்கின் ஸ்பிரிங்கை அப்படியே போட்டால் வேனின் எடைக்கு அது சரியாக வரும் என்று சொல்ல முடியாது.

சேஸியில் அசையாத, பின்னாலும் அசையப்போகாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் அதற்கு நேரான ஒன்று. சென்டர் பஞ்ச் அடித்து வெள்ளை பெயிண்ட் வையுங்கள். அவற்றிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி போடுங்கள். முன்சக்கர மையங்களிலிருந்தும் பின்சக்கர மையங்களிலிருந்தும் அப்படியே. இப்போது தரையில் உங்கள் வேனின் நிழல் புள்ளிகளாகக் கிடக்கும். புள்ளிக்குப் புள்ளி அளந்து எழுதுங்கள், மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். குறுக்களவு இரண்டும் சமமாக இல்லாவிட்டால் சேஸி ஏற்கெனவே எங்கோ அடிபட்டிருக்கலாம், அதை முதலில் பார்த்து நேர்செய்ய வேண்டும்.

அப்புறம் உயரங்கள்: ஆக்ஸில் மையத்திலிருந்து வீல் ஆர்ச் வரை நாலு பக்கமும், ஆயில் பேனின் அடியிலிருந்து தரை வரை, கியர்பாக்ஸ் பின்முனையிலிருந்து தரை வரை. கோணங்கள்: கியர்பாக்ஸின் சாய்வு, பின் பினியனின் சாய்வு, ஸ்டியரிங் டிராக் லிங்க்கின் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் ராடு) சாய்வு. காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று இதற்குக் கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அளவுகளைப் பென்சிலால் ஒரே நோட்டில் எழுதுங்கள். என் நோட்டின் அட்டையில் கிரீஸ் ஏறிக் கறுத்துப்போயிருந்தது, இருந்தாலும் கடைசி நாள்வரை அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முன் ஆக்ஸிலை உட்கார வைப்பது

இனி பிரிக்கலாம். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூடக் கீழே போகாதீர்கள். டேனா 60 போன்ற முன் ஆக்ஸில் முழுசாக 200 கிலோவுக்கு மேல் இருக்கும், அதைக் கீழே நகர்த்த இரண்டு ஜாக்கியும் ஓர் ஆளும் கூட வேண்டும். பழைய முன் சஸ்பென்ஷனைக் கழற்றியபின் மீந்து நிற்கும் தாங்கிகளைச் சேஸியை வெட்டாமல் கிரைண்டரில் எடுங்கள். குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டி வந்தால், அதே உறுதியுள்ள மாற்றுச் சட்டம் மாட்டும்வரை பழையதைத் தொடாதீர்கள். எஞ்சினைத் தாங்குவதும் சேஸி முறுக்காமல் பிடிப்பதும் அதுதான்.

பட்டை ஸ்பிரிங்கா காயில் ஸ்பிரிங்கா? முதல்முறை செய்பவருக்குப் பட்டைதான் என் சிபாரிசு. தாங்குவதும் அதுவே, ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடிப்பதும் அதுவே. காயில் போட்டால் ஆக்ஸிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பார் எல்லாம் சரியான இடத்தில் வர வேண்டும். ஓட்ட சுகமாக இருக்கும், ஆனால் தப்புக்கு இடம் அதிகம்.

ஸ்பிரிங் தாங்கிகளைப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து நிறுத்துங்கள். ஆக்ஸிலைக் கீழே கொண்டுவந்து கட்டி, தரையில் போட்ட புள்ளிகளோடு தூக்குக்குண்டால் ஒத்துப் பாருங்கள். வலது பக்க நீளமும் இடது பக்க நீளமும் 3 மி.மீ.க்குள் ஒத்து வர வேண்டும். அப்புறம் ஸ்பிரிங்கில் மெயின் பட்டையை மட்டும் விட்டுவிட்டு ஆக்ஸிலை ஜாக்கியால் மேலே தள்ளுங்கள். ஆயில் பேனுக்கும் டிஃபரென்ஷியல் ஹவுசிங்குக்கும் நடுவே 25 மி.மீ. இருக்கும்போதே பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே இடிக்காமல் நிறுத்தும் ரப்பர் கட்டை) தடுக்க வேண்டும். வேனை எவ்வளவு உயர்த்துவது என்பதை முடிவுசெய்ய வேண்டியது இந்த இடைவெளிதான். உயரமாக நிற்பது பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக உயர்த்தாதீர்கள். வேன் ஏற்கெனவே தலை கனத்த வண்டி. நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு அங்குலமும் வளைவில் அதைச் சாய்க்கும்.

இப்போது இந்த வேலையிலேயே மிக முக்கியமான கோணத்துக்கு வருவோம். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு. நக்கிளைப் பிடிக்கும் மேல் பால் ஜாயின்ட் கீழ் பால் ஜாயின்டைவிடச் சற்றுப் பின்னால் இருந்தால்தான் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும். முன் ஆக்ஸில் போட்ட வேனுக்கு 3 முதல் 5 டிகிரி வரை வைக்கலாம். ஆனால் ஷாஃப்ட் நன்றாக ஓட வேண்டுமென்றால் பினியனின் மூக்கை மேலே தூக்கி டிரான்ஸ்பர் கேஸைப் பார்க்க வைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் நக்கிளும் பினியனும் ஒரே ஆக்ஸில் குழாயில் இருக்கின்றன. பினியனை 3 டிகிரி மேலே தூக்கினால் காஸ்டர் 3 டிகிரி குறைந்துவிடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டிய இடம் இது.

என் முடிவு தெளிவானது: காஸ்டருக்கே முதலிடம். முன் ஷாஃப்ட் எப்போதாவதுதான் வேலை செய்யும், ஸ்டியரிங் ஒவ்வொரு நிமிடமும் வேலை செய்யும். நெடுஞ்சாலையில் அலைபாயும் வேனில் குடும்பத்தை ஏற்றிப் போக முடியாது. பினியன் கோணத்தைச் சமாளிக்க டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் இரட்டை யு ஜாயின்ட் (கோணத்திலும் சுற்றவிடும் இணைப்பு) வைத்த ஷாஃப்ட் போடலாம். பினியன் உயரமாக அமைந்த ஆக்ஸில் கிடைத்தால் இன்னும் நல்லது, கோணம் அப்போதே குறைந்துவிடும். கோணமானியை நக்கிளின் கடைந்த முகத்தில் வையுங்கள். வார்ப்பு முகத்தில் வைத்தால் அளவு பொய் சொல்லும். வேனின் முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த நிலையில் பார்க்க வேண்டும், இதை மறக்காதீர்கள்.

எல்லாம் சரி என்றான பிறகுதான் முழு வெல்டிங். பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எரிபொருள் பைப்பையும் டாங்க்கையும் தூர எடுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பெயிண்ட், துரு எல்லாம் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். சேஸிக்குக் குறுக்காக மேலிருந்து கீழ் ஒரே கோடாக வெல்டிங் இழுக்காதீர்கள், அந்தக் கோட்டில்தான் விரிசல் ஓடும். வலுப்படுத்தும் தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டி நீளவாக்கில் இழுங்கள். உங்கள் கை வெல்டிங்கில் பழகாதது என்றால், பொட்டு வைப்பதுவரை நீங்கள் செய்யுங்கள், முழு வெல்டிங்கைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஸ்டியரிங்

ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பக் கூடாது. டிராக் லிங்க் ஒரு வில்லில் அசைகிறது, ஆக்ஸில் வேறொரு வில்லில் அசைகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போகும். பட்டை ஸ்பிரிங் என்றால் டிராக் லிங்க்கை முடிந்தவரை தரைக்கு மட்டமாக வையுங்கள், தேவைப்பட்டால் பிட்மன் ஆர்மை (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து டிராக் லிங்க்கை அசைக்கும் கை) மாற்றி. காயில் என்றால் டிராக் பாரும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக, கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. ஸ்டியரிங்கைப் பூட்டிவிட்டு, சக்கரத்தின் முன்விளிம்பு நேராகத் தரையில் கோடு போட்டு, ஜாக்கியால் ஆக்ஸிலை 10 செ.மீ. ஏற்றி இறக்கிப் பாருங்கள். விளிம்பு கோட்டைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஸ்டியரிங் பாகத்தை வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது என்பது என் கட்டாயக் கருத்து. நீளம் மாற வேண்டுமென்றால் மரை வெட்டிய குழாயும் புதிய ராடு எண்டும் வாங்குங்கள்.

டிரான்ஸ்பர் கேஸ்

பின்சக்கர வேனின் கியர்பாக்ஸில் வெளியீட்டுத் தண்டும் வால்பகுதியும் வேறு. டிரான்ஸ்பர் கேஸை நேராக ஒட்ட வேண்டுமென்றால் உள்ளே பிரித்துத் தண்டை மாற்ற வேண்டும். அதைவிட அந்த டிரக்கின் கியர்பாக்ஸையே கேஸோடு சேர்த்து ஏற்றுவது சுலபம், ஒரே குடும்பத்து கியர்பாக்ஸாகவும் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரே தலைமுறையாகவும் இருந்தால்.

இன்னொரு வழி, கியர்பாக்ஸைத் தொடாமல் கேஸைத் தனியாகச் சேஸியில் தொங்கவிட்டு நடுவில் குட்டி ஷாஃப்ட் போடுவது. என்பி205இல் இப்படித் தனியாக நிற்கும் வகையும் உண்டு. லோ கியரில் இந்தப் பெட்டி தன்னையே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதனால் தாங்கிகள் அகலமாகத் தள்ளி, தடித்த ரப்பரோடு இருக்க வேண்டும். குட்டி ஷாஃப்டின் கோணத்தைச் சிறியதாக வையுங்கள், ஆனால் பூஜ்யமாக வேண்டாம். ஒரு டிகிரியாவது இருந்தால்தான் யு ஜாயின்டின் ஊசி பேரிங்குகள் உருண்டு கிரீஸ் பரவும்.

ஈகோனோலைனில் எஞ்சினின் பாதி, முன் இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. லீவருக்கு இடம் அதன் பின்னாலோ பக்கத்திலோதான். தரையில் போடும் துளைக்கு நல்ல ரப்பர் உறை போட்டு மூடுங்கள். கீழிருந்து புகை உள்ளே வரக் கூடாது.

ஷாஃப்ட்

அளவு எடுத்த நோட்டை நம்பி ஷாஃப்டை முன்கூட்டியே செய்யக் கொடுக்காதீர்கள். ஆக்ஸில், கேஸ் இரண்டும் நிரந்தரமாக உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். அதற்கிடையில் கேஸ் தாங்கியைக் கொஞ்சம் பின்னே நகர்த்த வேண்டி வந்தது, ஷாஃப்ட் குட்டையாகிப்போனது.

மெயின் பட்டையோடு ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றி, இரண்டு முனைகளுக்கும் நடுவே கம்பி கட்டி அளவு எடுங்கள். முழுக்கத் தொங்கவிட்டு மறுபடி எடுங்கள். வண்டி நிற்கும் உயரத்தில் மூன்றாவது. மூன்று எண்களையும் ஷாஃப்ட் செய்பவரிடம் கொடுங்கள். மிகக் குட்டையான நிலையிலும் ஸ்லிப்பில் (ஷாஃப்டின் நீண்டு சுருங்கும் பகுதி) 25 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பெரிய பள்ளத்தில் ஷாஃப்ட் கேஸின் பேரிங்கைக் குத்தி உடைக்கும். மிக நீளமான நிலையில் பல் இணைப்பு தண்டின் விட்டத்துக்குக் குறையாமல் பிடித்திருக்க வேண்டும். பின் ஷாஃப்டையும் குட்டையாக்கி பாலன்ஸ் செய்ய வேண்டி வரும். அதில் இரண்டு முனையிலும் ஒற்றை யு ஜாயின்ட் என்றால் கேஸின் வெளியீடும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் அதிர்வு வரும்.

மிச்ச வேலைகள்

பிரேக் ஓஸ் ஆக்ஸில் முழுக்கத் தொங்கி, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிய நிலையிலும் இழுபடக் கூடாது. ஏபிஎஸ் வளையத்தின் பல் எண்ணிக்கை பழையதோடு ஒத்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மாறினால் கம்ப்யூட்டர் சக்கர வேகத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளும். காலிபர் பெரிதாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் ஈடுகொடுக்கிறதா என்று பாருங்கள், பெடல் ஆழமாகப் போனால் அதுதான் காரணம். சைலன்சர் பைப்பை ஷாஃப்டிலிருந்து தள்ளி வளைக்க வேண்டும். ஆக்ஸில், கேஸ் இரண்டின் பிரீத்தர் (காற்றுப் போக்கி) குழாய்களையும் எஞ்சின் அறைவரை உயர்த்திவிட்டால் தண்ணீரில் இறங்கும்போது ஆயில் கெடாது. ஆயில் ஊற்றுவதற்கு முன் அந்தப் பெட்டியின் கையேட்டைப் பாருங்கள். என்வி271க்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், டிஃபரென்ஷியலுக்குக் கெட்டியான கியர் ஆயில், இரண்டும் ஒன்றல்ல.

முதல் ஓட்டம்

நாலு சக்கரமும் காற்றில் இருக்க ஸ்டாண்ட் வையுங்கள், ஆனால் சேஸிக்கு அடியில் அல்ல, ஆக்ஸில்களுக்கு அடியில். சேஸியில் வைத்தால் ஆக்ஸில் தொங்கி யு ஜாயின்ட் கோணம் முறிந்துபோகும், சோதனையே பொய்யாகிவிடும். எஞ்சினைப் போட்டு, ஃபோர் ஹையில் (லோ போடாத ஃபோர் வீல் நிலை) முதல் கியரில் மெதுவாக விடுங்கள். நண்பர் ஒருவர் தூரத்தில் நின்று பார்க்கட்டும்: நாலும் முன்பக்கமாகவே சுற்றுகிறதா? வேறு வேறு வண்டிகளிலிருந்து பாகம் சேர்த்தவர்களுக்கு முன்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது உண்டு. தரையில் இறக்கிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல இது.

அப்புறம் டூ வீலில் காலி மைதானத்தில் நடைவேகம், பிரேக், முழுத் திருப்பம் இரண்டு பக்கமும். பிறகு அலைன்மென்ட் கடைக்கு நேராகப் போங்கள். டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) சரியாகும்வரை நெடுஞ்சாலை வேண்டாம்.

ஃபோர் வீலை மணல், சேறு, பனி, சரளை மாதிரி டயர் கொஞ்சம் வழுக்கக்கூடிய தரையில் மட்டும் போடுங்கள். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. பார்ட் டைம் கேஸ் அதற்கு விட்டுக்கொடுக்காது. காய்ந்த தார் சாலையில் திருப்பினால் வேன் பிரேக் பிடித்ததுபோல் இறுகுவதை உணர்வீர்கள். அப்படி இறுகிவிட்டால் கொஞ்சம் பின்னால் எடுத்தால் தளரும், லீவரும் விடும்.

யு போல்ட், தாங்கி போல்ட், ஷாஃப்ட் போல்ட், ஸ்டியரிங் நட்டு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு இறுக்கியதும், நட்டின் மேலிருந்து சட்டம் வரை ஒரு மெல்லிய பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது. என் வேனில் இடது யு போல்ட்டில் இரண்டு அப்படித் தளர்ந்திருந்தன, புது ஸ்பிரிங் படிந்து உட்காரும்போது அப்படி ஆகும். மறுபடி இறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, புதிய கோடு போட்டேன். 500 கி.மீ.யில் பார்த்தபோது ஒன்றும் அசையவில்லை.